மேனேஜரும் நாற்பத்தொரு கப்பல்களும்

மேஜை படுக்கையறைக்குள் நுழைய மறுத்தது. சாய்த்தால் நுழைந்துவிடும். சாய்க்க முடியாது, மேலே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் இடித்து நின்ற அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி அரை மணி நேரத்தில் வந்துவிடும். அப்பாவைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும்.

“அணைச்சுட்டா ஒரு நிமிஷ வேலைக்கா,” என்றான் எலக்ட்ரீஷியன்.

“அணைக்கக் கூடாதாம்.”

“யாரு சொன்னது?”

“வேற யாரு? வண்டியில வந்துட்டிருக்காரே, அவருதான்.”

எலக்ட்ரீஷியன் தன் பக்கத்து மேஜைக் காலை மெல்லக் கீழே வைத்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் பத்தொன்பது நாளாக அணையாமல் ஓடுகிறது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே அப்பா ஒரு பழைய விண்வெளி விளையாட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒன்பது வருடம் ஆயிற்று, எழுந்திருக்கவே இல்லை. கிரகம் பிடிக்கிற ஆட்டம் அது. இவர் ஒருமுறை கப்பல்களை நகர்த்திவிட்டு விசையை அழுத்தினால், கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஒருமுறை நகர்த்தும். அது ஒரு சுற்று. இருப்பதிலேயே கடினமான நிலையில் ஐந்நூறு சுற்று தலைநகரைக் காப்பாற்றினால் வெற்றி. அப்பா நூற்றைம்பதைத் தாண்டியதே இல்லை. இந்த முறை எப்படியோ நானூறைத் தாண்டிவிட்டார். தாண்டிய நேரம் பார்த்து ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. ஓடுகிறவரை ஓடும், ஆனால் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது, அணைத்தால் எல்லாம் போச்சு என்று இதே எலக்ட்ரீஷியன்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மூன்று நாளைக்கு முன்பு காலையில், மூச்சு வாங்கி வாங்கி ஆம்புலன்ஸில் ஏறும்போது அப்பா அவள் கையைப் பிடித்தார். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தாள்.

“கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடாத.”

“மொதல்ல நீங்க ஒழுங்கா மூச்சு விடுங்க,” என்று அதட்டினாள்.

அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அது. அவள் அவரிடம் கடைசியாகப் பேசியதும் அதுதான். அதற்குப் பிறகு அவர் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள்.

போன் அடித்தது. தம்பி.

“அக்கா, கம்ப்யூட்டரை அணைச்சுடலையே?”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். “டேய், அப்பா செத்துட்டாருடா.”

“தெரியும்க்கா. பஸ்ஸுலதான் இருக்கேன். ரெண்டு, ரெண்டரைக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் மட்டும் அப்படியே இருக்கட்டும்.”

“அவரு செத்தும் என் உயிரை வாங்குறாரு. நீ உயிரோட இருந்து வாங்குற. வை போனை.”

மேஜையைப் பழையபடி கூடத்துச் சுவரோரம் தள்ளினார்கள். அந்த வீட்டில் நம்பிக்கையான பிளக் பாயின்ட் வாசற்கதவை ஒட்டித்தான் இருந்தது. அங்கிருந்து ஒயர் கூடத்தின் குறுக்கே தரையில் நீண்டு கிடந்தது. நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளியபோது அதன் முதுகில் ஒரு துண்டு. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் முகம் துடைத்துப் போட்டது. மூன்று நாளில் காய்ந்து அட்டையாக விறைத்திருந்தது.

“எத்தனை தடவை சொல்றது, ஈரத்துண்டை நாற்காலியில போடாதீங்கன்னு,” என்றாள் உரக்க.

எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தான். அவள் துண்டைச் சுருட்டி அழுக்குக்கூடையில் எறிந்தாள்.

வேலைகளுக்கு நடுவே காலையில் டாக்டர் கேட்ட கேள்வி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. “இது வந்து ஒரு வருஷத்துக்குக் குறையாது. எளைச்சிருப்பாரு, சாப்பாடு குறைஞ்சிருக்கும். கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையா?” அவர் குற்றமாகக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் காகிதத்தைத் திருப்பியபடியே, போகிற போக்கில்தான் கேட்டார். கூட இருப்பவர்கள் என்று அவர் பன்மையில் சொன்னாலும், கூட இருந்தது அவள் ஒருத்திதான்.

கவனிப்பதுதான் அவளுக்குச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை. சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். ஒரு நாளைக்கு நானூறு சட்டை அவள் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும். பெண்கள் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு அது தெரிந்த நாளிலிருந்து வீட்டிலும் அதே பெயர். புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே அவள் சொல்வது ஒன்று உண்டு. “ஒரு குறை கெடச்சவுடனே குஷியாகிச் சட்டையைத் தூக்கிப் போட்டுடாத. மிச்சத்தையும் பாரு. காலர்ல நூல் தொங்குனா கண்ணு அங்கயே ஒட்டிக்கும், கீழ பட்டனே இல்லாதது தெரியாது. சந்தேகமா இருந்தா வெளிச்சத்துக்குக் கொண்டு வா.” இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

அப்பா பெட்டியில் வந்து சேர்ந்தார். கூடத்தில் மேஜையை ஒட்டி வைத்தார்கள். வேறு இடமில்லை. கம்ப்யூட்டர் திரை வெளிச்சம் அவர் நெற்றியில் நீலமாக விழுந்தது. பார்க்கச் சகிக்காமல் அவள் ஒரு போர்வையை எடுத்துத் திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் சேர்த்து மூடினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை அதன் ஓரத்தில் வைத்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பெல்ட்.

ஆட்கள் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், அவள் கையைப் பிடித்தார்கள், போர்வைக்குள் என்ன உறுமுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எல்லாரும் இரண்டு கேள்வி கேட்டார்கள். எப்ப ஆச்சு என்பது ஒன்று. என்ன வியாதி என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொன்னதும், “அடடா, முன்னாடியே தெரியலையா?” என்று மூன்றாவது தானாக வந்து விழுந்தது.

அத்தை வந்ததுதான் உச்சம். அப்பாவின் தங்கை. பெட்டியருகே நின்று ஒரு பாட்டம் அழுது முடித்தாள், மூக்கைத் துடைத்தாள், அவள் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, நீ கூடத்தானே இருந்த? ஒரு வருஷமா மனுஷன் உருகியிருக்கான். ஒனக்குத் தெரியலையா?”

“தெரியல அத்தை.”

“எவனோ போடப்போற சட்டையில ஒரு நூல் பிரிஞ்சா தெரியுது.”

பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அத்தை தன் கனத்த கைப்பையை மேஜைமேல், போர்வைக்கு மேலேயே வைத்துவிட்டு மறுபடி அழப் போனாள்.

பீப் என்றது. பிறகு இன்னொரு பீப். பிறகு விடாமல், பீப் பீப் பீப் என்று.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பதறி எழுந்து அப்பாவின் மார்பைப் பார்த்தார். அத்தையின் அழுகை பாதியில் நின்றது. அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பாய்ந்து கைப்பையைத் தூக்கினாள். பை உட்கார்ந்திருந்தது சுற்றை முடிக்கிற விசைமேல்.

போர்வையை விலக்கிப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் அப்பா விட்டுப்போன ஆட்டம் நானூற்று நாற்பத்தேழில் நின்றது. முப்பத்தைந்து சுற்று. யாரும் ஒரு கப்பலையும் நகர்த்தாமல், ஒரு கைப்பை மட்டும் ஆடிய முப்பத்தைந்து சுற்று. முடிந்தது கதை என்று நினைத்தாள். தம்பி வந்து உயிரை எடுப்பான். தலைநகரைத் தேடினாள்.

தலைநகர் அப்படியே இருந்தது. எதிரியின் நாற்பத்தொரு சிவப்புக் கப்பல்களும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. எங்கோ வெட்டவெளியில் கும்பலாக நின்றன.

அவள் அந்த விசையை ஒருமுறை அழுத்தினாள். நாற்பத்தொன்றும் இடப்பக்கம் நகர்ந்தன. இன்னொருமுறை. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். மூன்றாவது முறை அப்படியே திரும்பி வலப்பக்கம் நடையைக் கட்டின. அப்பாவைக் கிடத்தியிருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விளையாடுகிறாளே என்று எல்லாரும் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்று இன்னும் நாலுமுறை அழுத்தினாள்.

இதை அவர் சொல்லியிருக்கிறார். பாத்திரம் கழுவுகிறபோது சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு சொல்லுவார். அவள் பாதிக் காதில் கேட்டுக்கொண்டு ‘உம்’ கொட்டுவாள். “நேர்ல மோதுனா இவனை ஜெயிக்க முடியாது. ஆனா இவன் பழைய லிஃப்ட் மாதிரிம்மா. கிட்டத்துல யாரு பொத்தான் அமுக்குறாங்களோ அங்க ஓடுவான். எதுக்கு ஓடுறோம்னு யோசிக்க மாட்டான். காவல் இல்லாத எடம் ஒண்ணு கண்ணுல பட்டா போதும், பெரிய காரியத்தையெல்லாம் விட்டுட்டு அங்க கெளம்பிடுவான். எங்க கம்பெனி மேனேஜர் அப்படியே இவன்தான்.” அன்றிலிருந்து அந்த எதிரிக்கு மேனேஜர் என்றே பெயர். “மேனேஜர் வந்துட்டாரு, மேனேஜர் போயிட்டாரு” என்று அவர் தனக்குள் சிரித்துக்கொள்வதைக் கேட்டு அவள் எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறாள். ஒன்றுக்கும் உதவாத இரண்டு குட்டிக் கிரகங்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து அப்பா ஒரே ஒரு சின்னக் கப்பலைக் காவல் போட்டு, மாறி மாறிப் போய் வா என்று விட்டிருந்தார். அது வலப்பக்கம் இருக்கும்போது இடப்பக்கம் காவலின்றிக் கிடக்கும். மேனேஜர் இடத்துக்கு ஓடுவார். பாதி வழியில் அது இடத்துக்கு வந்துவிடும், வலம் காலி. மேனேஜர் திரும்பி வலத்துக்கு ஓடுவார். இப்படியே இருநூறு சுற்றுக்கு மேல் அவ்வளவு பெரிய படையும் எங்கேயும் போய்ச் சேராமல் நடந்துகொண்டிருந்தது. தலைநகரில் என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சின்னக் கப்பலுக்கு அப்பா பெயர் வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

ஈரத்துண்டு.

அவள் ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து பெல்ட்டை வெளியே எடுத்தாள். வாங்கும்போது ஐந்து துளை இருந்த பெல்ட். அதற்கு அப்பால் மூன்று புதுத் துளைகள், ஒரே சீரான இடைவெளியில், மெக்கானிக் கை போட்ட சுத்தமான துளைகள். கடைசித் துளையில்தான் தேய்ந்த தடம் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடைவெளி. காலரைப் பார்த்தே கழுத்தளவு சொல்கிறவள் அவள். “என்னப்பா, சட்டை தொளதொளங்குது?” என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நாற்காலி கண்ணில் பட்டது. ஈரத்துண்டு, சொட்டச் சொட்ட. பத்து நிமிடம் கத்தினாள். அப்பா பரமசாது மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, “நாளைலேருந்து போட மாட்டேம்மா,” என்றார். மறுநாளும் போட்டார். துண்டு இல்லாத நாளில் குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு நாள்கூட இரண்டும் சரியாக இருந்ததில்லை. தினமும் கத்தினாள். கத்திவிட்டு, இன்றைக்கும் வீட்டை ஒழுங்காகக் கவனித்துவிட்டோம் என்ற நிம்மதியில் வேலைக்குப் போனாள்.

தம்பி இரண்டரைக்கு வந்தான். பெட்டியருகே மண்டியிட்டு அப்பாவின் முகத்தைத் தொட்டான், குலுங்கினான். அவள் அவன் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“எதுக்கா?”

“டேய்.”

அவன் தண்ணீர்க் குழாயைப் பார்த்தான். “ஏழு மாசம்.”

“ஏழு மாசம்.” அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “தினம் சோறு போட்டவளுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒரு போன் பண்றவனுக்குத் தெரியும்.”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருக்கா. அம்மாவுக்கு முடியாம போனப்ப நீ வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்த இல்ல? திரும்பப் போனப்ப உன்னைப் புதுப் பொண்ணுங்களோட நூல் வெட்ட உக்கார வெச்சாங்களே, அத அவரு மறக்கவே இல்ல. இப்பத்தான் மேல ஏறி வந்திருக்கா, மறுபடி என்னால எறங்கக் கூடாதுன்னாரு. வைத்தியம் பண்ணாலும் பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாராம்.”

“அத முடிவு பண்ண அவரு யாரு?”

“நானும் அதத்தான் கேட்டேன். அக்கா கண்ணுல படாமலா போயிடும்னும் கேட்டேன்.” தம்பி நிறுத்தினான்.

“சொல்லித் தொலை.”

“சிரிச்சாரு. ‘படாது. பூதக்கண்ணாடிக்கு ஒரு ஈரத்துண்டு போதும்’னாரு.”

அவள் கையில் கிடைத்த கரண்டியைத் தொட்டியில் எறிந்தாள். பெரிய சத்தமாகக் கேட்டது. கூடத்தில் பேச்சு நின்றது.

“நான் என்ன அந்த மேனேஜராடா?”

அவளுக்கு அழுகை வந்திருந்தால் சமாளித்திருப்பாள்; கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. ஏமாந்ததுகூடப் பரவாயில்லை. இவ்வளவு சுலபமாக, ஒரு துண்டுக்கும் ஒரு விளக்குக்கும் நடுவே ஓடி ஓடி ஏமாந்ததுதான் தாங்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தால், அந்த ஆள் கூடத்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். டாக்டர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. நாலு பேர் பெட்டியைத் தூக்க வந்து நின்றார்கள். வண்டி டிரைவர் கூடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“அம்மா, குறுக்க ஒயர் கெடக்கே. பிடுங்கிடலாமா?”

தம்பி அவளைப் பார்த்தான். பத்தொன்பது நாள் ஓடிய கம்ப்யூட்டர் போர்வைக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. பிடுங்கிடுங்க என்பதுதான் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அவரை ஒரு முறையாவது ஜெயித்த மாதிரி இருக்கும்.

“வேண்டாம்,” என்றாள். “தாண்டிக் கொண்டு போங்க.”

“கால் மாட்டுனா ஆபத்தும்மா. பெட்டி கனம்.”

“மாட்டாது. நான் புடிச்சுக்கறேன். நீங்க பாத்துக் கால வைங்க.”

அவள் வாசற்படிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் ஒயரைத் தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். எட்டுக் கால்கள் ஒவ்வொன்றாக அவள் கைகளைத் தாண்டின. அப்பா அவள் தலைக்கு மேலே போனார். “இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?” என்று அத்தை யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்ப ஆறு மணி ஆனது. அத்தையை ஆட்டோ ஏற்றி அனுப்பினாள். தம்பி குளிக்கப் போனான். அவள் சமையலறையில் குவிந்து கிடந்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கழுவும்போது வாசல் பக்கம் ஒருமுறை திரும்பினாள். யாரும் நிற்கவில்லை.

கூடத்துக்கு வந்து டியூப்லைட்டைப் போட்டாள். தம்பி தலை துவட்டிவிட்டு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து போர்வையை விலக்கியிருந்தான். திரையில் நாற்பத்தொரு கப்பல்களும் வலத்திலிருந்து இடத்துக்குத் திரும்பும் வழியில் நின்றன.

“இன்னும் நாப்பத்தாறு சுற்றுதான்க்கா,” என்றான் திரும்பாமலே.

நாற்காலியின் முதுகில் அவனுடைய துண்டு. சொட்டச் சொட்ட ஈரம். கீழே தரையில் தண்ணீர் ஏற்கெனவே ஒரு வட்டம் கட்டியிருந்தது.

அவளுக்கு வாய் திறந்துவிட்டது. முதல் சொல் தொண்டைவரை வந்துவிட்டது. திறந்த வாயை அப்படியே மூடினாள்.

பிறகு தம்பியைப் பார்த்தாள். கூர்ந்து பார்த்தாள். போன வருடம் அவளே அளவு பார்த்து எடுத்துக் கொடுத்த சட்டைதான் அது. தோள் தையல் தோளில் இல்லை. இரண்டு விரல் கீழே கைப்பக்கம் இறங்கியிருந்தது. விசையை அழுத்தப் போன மணிக்கட்டில் கடிகாரம் முழங்கை நோக்கி வழுக்கிக்கொண்டு போயிற்று.

அவள் பேசாமல் நிற்பதை உணர்ந்து அவன் திரும்பினான். அவள் பார்வையைக் கண்டதும் சட்டென்று துண்டின்மேல் கையை வைத்தான்.

“சாரிக்கா. மறந்துட்டேன். இப்பவே எடுத்துக் காயப் போட்டுடறேன்.”

“துண்டு கெடக்கட்டும்,” என்றாள் அவள். “நீ எந்திரிச்சு இப்படி வெளிச்சத்துக்கு வா.”

அவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு வந்து டியூப்லைட்டுக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் காலரிலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.